சுண்ணாம்பு தடவாத கலயம்

என் தாத்தா பனையேறி. சாத்தான்குளத்துக்கும் உடன்குடிக்கும் இடைப்பட்ட செம்மணல் தேரியில், பருவம் வந்துவிட்டால் மாதக்கணக்கில், விடியுமுன் ஒருமுறையும் பொழுது சாயும்போது ஒருமுறையுமாக அதே மரங்களில் ஏறி இறங்கியவர். (ஊர்ப் பெயரைக் கேட்டதும் வெளியூர்க் கிறிஸ்தவர்கள் சிரிப்பார்கள். சாத்தன் என்பது பழைய தமிழ்ப் பெயர். பயப்பட வேண்டிய சாத்தான் பெயர்ப்பலகையில் தன் பெயரை எழுதிவைப்பதில்லை.) சிறுவனாக மரத்தடியில் அண்ணாந்து நின்ற எனக்கு அவருடைய வேலைகளில் பெரும்பாலானவை புரிந்தன. பாளையைச் சீவுவது புரிந்தது. சொட்டு விழுமாறு கலயத்தைக் கட்டுவது புரிந்தது. ஊறியதைக் குடுவையில் ஊற்றிக்கொண்ட பிறகு, வெறுங்கலயத்தின் உட்புறத்தில் மறுபடியும் சுண்ணாம்பு தடவுவாரே, அதுதான் புரியவில்லை. நேற்றுத் தடவிய வெள்ளை கலயத்தின் ஓரங்களில் அப்படியே தெரிகிறதே, இன்றைக்கும் எதற்கு என்று ஒருநாள் கேட்டேன்.

“நேத்து தடவுனது நேத்தைக்குச் சரியாப் போச்சுலே. இன்னைக்கு ஊறுறதுக்கு இன்னைக்குத்தான் தடவணும்.”

பதநீரும் கள்ளும் ஒரே பாளையிலிருந்து சொட்டும் ஒரே நீர்தான் என்பதைப் பிற்காலத்தில்தான் விளங்கிக்கொண்டேன். கள்ளுக்கென்று தனி மரம் இல்லை. கள்ளை உண்டாக்க யாரும் எதையும் கலக்க வேண்டியதும் இல்லை. கலயத்தில் சுண்ணாம்பு இல்லாவிட்டால், காற்றிலும் கலயத்திலும் தங்கியிருக்கும் நொதியங்கள் சில மணி நேரத்தில் அந்த இனிப்பைத் தாமாகவே புளிக்கவைத்துவிடும். இனிப்பு கெடுவதற்கு எதிரி ஒருவன் மரமேறி வர வேண்டும் என்பதில்லை. காப்பவன் ஒருநாள் சும்மா இருந்தால் போதும். கெட்டது உடனே தெரிவதும் இல்லை. லேசாகப் புளிக்கத் தொடங்கிய பதநீர் பார்வைக்கு நல்ல பதநீரைப் போலவே இருக்கும். ஆச்சி விடிலியில், அதாவது பதநீர் காய்ச்சும் குடிசையில், அடுப்பேற்றி மணிக்கணக்காகக் காய்ச்சிய பிறகு, பாகு சிரட்டையில் இறுகாமல் இளகிக் கிடக்கும்போதுதான் காலையில் எந்தக் கலயத்திலோ சுண்ணாம்பு தவறியது தெரியவரும். அதற்குள் அன்றைய விறகும் உழைப்பும் போயிருக்கும்.

கிறிஸ்தவ வாழ்க்கையில் விழிப்பு என்று எப்போது யோசித்தாலும் இந்தக் கலயம்தான் என் நினைவுக்கு வருகிறது. பிரசங்க மேடைகளில் நான் கேட்டு வளர்ந்த விழிப்போ வேறு வகையானது. பிசாசு “கெர்ச்சிக்கிற சிங்கம்போல்” சுற்றித்திரிகிறான் என்ற அப்போஸ்தலன் பேதுருவின் வார்த்தையை வைத்துக்கொண்டு எங்கள் கன்வென்ஷன் பந்தல்களில் எத்தனையோ பேர் உண்மையாகவே கெர்ச்சித்திருக்கிறார்கள். சிங்கம் எங்கெல்லாம் பதுங்கியிருக்கிறது என்பதற்கு ஒரு பட்டியலும் இருக்கும்: பக்கத்து வீட்டார் தரும் பொங்கல், வாசலில் போடும் கோலம், நாள் நட்சத்திரம், சினிமாப் பாட்டு, பொருள்களின் மேல் அச்சிடப்படும் கோடுகளில் ஒளிந்திருப்பதாகச் சொல்லப்படும் 666. இவற்றுள் சிலவற்றைப் பற்றி மனச்சாட்சியோடு யோசிக்க வேண்டியிருக்கலாம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பட்டியலில் உள்ளவை அனைத்தும் நம் வேலிக்கு வெளியே இருப்பவை என்பதைக் கவனியுங்கள். வெளியே பார்த்தபடியே இரவெல்லாம் கண்விழித்திருக்கும் காவல்காரனுக்குத் தன் முதுகுக்குப் பின்னால் வீட்டுக்குள் நடப்பது தெரியாது.

இதற்கு ஒரே ஒரு சான்று போதும். பொங்கல் சோற்றைத் தொட மறுக்கும் அதே குடும்பத்தார் பிள்ளைக்கு வரன் தேடும்போது கொடுக்கும் விளம்பரத்தைப் படித்துப் பாருங்கள். ‘மறுபடியும் பிறந்த, ஆவிக்குரிய’ என்று தொடங்கும் வரியிலேயே சாதியும் உட்பிரிவும் தவறாமல் இருக்கும். 1799-இல் முதலூர் என்ற கிறிஸ்தவக் குடியிருப்பு உருவான காலந்தொட்டு, எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கிறிஸ்துவிடம் வந்தவர்களின் பிள்ளைகள் என்று நாங்கள் சொல்லிக்கொள்கிறோம். விடாமல் சுமந்து வந்த அந்த ஒன்றை மட்டும் யாரும் சிங்கத்தின் பட்டியலில் சேர்ப்பதில்லை. அது கெர்ச்சிப்பதில்லை, பெண் பார்க்கும் வீட்டில் எல்லோரோடும் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருக்கிறது.

பேதுருவின் அந்த வசனத்தை நாம் சிங்கத்திலிருந்து தொடங்கிப் படிக்கிறோம். அவரோ, “தெளிந்த புத்தியுள்ளவர்களாயிருங்கள், விழித்திருங்கள்” என்று தொடங்குகிறார். விழித்திருப்பதற்கு முன்னால் அவர் வைக்கும் கிரேக்கச் சொல்லின் அடிப்படைப் பொருள் மது அருந்தாத நிலையில் இருத்தல் என்பதுதான். அதே வேரிலிருந்து பிறந்த ‘நேப்சிஸ்’ என்ற சொல்லையே கீழைத் திருச்சபையின் துறவிகள் ஆவிக்குரிய விழிப்புக்குப் பெயராக வைத்துக்கொண்டார்கள். இதைப் படித்தபோது பனங்காட்டுப் பிள்ளையான எனக்குச் சிரிப்பு வந்தது. புளிக்காமல் இருப்பதற்குத்தானே தாத்தா தினந்தோறும் மரத்தின் உச்சியில் சுண்ணாம்பு தடவினார்!

வேதாகமத்திலும் கெட்டுப்போனவற்றுள் பல, முதலில் தேவனே கொடுத்த நல்ல பொருள்கள்தான். வானத்திலிருந்து வந்த மன்னாவை மறுநாளுக்கென்று மிச்சம் வைத்தவர்கள் அதில் பூச்சி நெளிவதையும் நாற்றத்தையும் கண்டார்கள். அதைவிட எனக்கு அச்சமூட்டுவது வெண்கலச் சர்ப்பத்தின் கதை. வனாந்தரத்தில் பாம்புக்கடியால் செத்துக்கொண்டிருந்த மக்கள் நோக்கிப் பார்த்துப் பிழைக்கும்படி, கர்த்தருடைய கட்டளையின்பேரில் மோசே செய்த சர்ப்பம் அது. தலைமுறை தலைமுறையாகப் பத்திரமாக வைத்திருந்தார்கள். எந்த ஆண்டு, யார் முதன்முதலில் அதற்கு முன்னால் தூபம் காட்டினார்கள் என்று வேதம் சொல்லவில்லை. சொல்லியிருக்கவும் முடியாது என்று நினைக்கிறேன், ஏனென்றால் அப்படி ஒரு நாள் இருந்திருக்காது. நன்றியாகத் தொடங்கியது மரியாதையாகி, மரியாதை வழக்கமாகி, வழக்கம் வழிபாடாகியிருக்கும். எசேக்கியா அரசன் அதை உடைத்துப்போட்டு, வெறும் வெண்கலத் துண்டு என்ற பொருளில் நிகுஸ்தான் என்று அதற்குப் பேரிட்டான். மோசே செய்ததை உடைப்பதற்கு எவ்வளவு துணிவு வேண்டியிருந்திருக்கும்! எங்கள் சபையில் பழைய பிரசங்க பீடத்தை இரண்டடி தள்ளிவைப்பதற்கே மூன்று கமிட்டிக் கூட்டங்கள் நடந்தன.

இனி என் கலயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மற்றவர்களுடைய கலயங்களை மோந்து பார்ப்பது எளிது.

சில ஆண்டுகளுக்கு முன் வரை எங்கள் தெருவில் வெள்ளிக்கிழமைதோறும் நடக்கும் ஜெபக்கூட்டத்தை நான் நடத்திவந்தேன். ஜெபக்குறிப்புகளைச் சொல்லச் சொல்லி, ஒரு நோட்டில் எழுதி, ஒவ்வொன்றாக ஜெபிப்போம். எங்கள் சபையைச் சேர்ந்த ஓர் அம்மா ஒருநாள் மாலை எங்கள் வீட்டுக்கு வந்து, திருமணமாகிப் போன தம் மகள் கணவன் வீட்டிலிருந்து திரும்பி வந்துவிட்டதாக அழுதபடி சொல்லி, ஜெபித்துக்கொள்ளும்படி கேட்டுவிட்டுப் போனார். அந்த வெள்ளிக்கிழமை நான் அதைக் கூட்டத்தில் வைத்தேன். பெயரைச் சொல்லவில்லை, பெயரைச் சொல்லக் கூடாது என்று எனக்குத் தெரிந்திருந்தது என்பதே இன்று என்னை அதிகமாக உறுத்துகிறது. “நம் சபையில் ஒரு குடும்பம்” என்று தொடங்கி, எல்லோருக்கும் விளங்கும் அளவுக்கு அடையாளங்களைச் சொன்னேன். ஒருவர், “பாரத்தோடு ஜெபிக்கணும்னா காரணம் தெரிஞ்சா நல்லது, அண்ணாச்சி” என்றார். எனக்குத் தெரிந்த காரணத்தையும் சொன்னேன். நாங்கள் ஜெபித்தது உண்மை. சிலர் கண்ணீர் விட்டதும் உண்மை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது, அந்த அம்மாவை நோக்கி நான்கைந்து பெண்கள் ஒரே நேரத்தில் பரிவோடு நடந்ததும் உண்மை.

அடுத்த வாரத்திலிருந்து அவர் வரவில்லை. வேறோர் ஆலயத்தில் காலை முதலாம் ஆராதனைக்குப் போகத் தொடங்கினார். மன்னிப்புக் கேட்கப் போனேன். திண்ணையில் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்: “ஜெபிக்கத்தான் சொன்னேன், தம்பி.”

புறங்கூறுதல் பாவம் என்று ஞாயிற்றுப் பள்ளிக் காலத்திலிருந்தே அறிந்தவன் நான். தெருமுனையில் நின்று இன்னொருவரின் குடும்பச் செய்தியைப் பேசும் பழக்கம் எனக்கு இருந்ததில்லை. அதைப் பற்றி ஓரளவு பெருமையும் இருந்தது. அதே வம்பு ஜெபக்குறிப்பு என்ற பெயரோடு, நோட்டும் பேனாவுமாக, கண்ணை மூடிக்கொண்டு வந்து உட்கார்ந்தபோது நான் அதை அடையாளம் காணவில்லை. அது நோட்டில் எழுதப்பட்ட கையெழுத்து என்னுடையது.

வீட்டிலும் இப்படித்தான். குடும்ப ஜெபம் எங்கள் வீட்டில் தலைமுறைகளாகத் தவறாமல் நடப்பது. மகன் பதினொன்றாம் வகுப்புக்கு வந்த ஆண்டில் என் ஜெபங்கள் நீளத் தொடங்கின. “ஆண்டவரே, இந்தப் பிள்ளை நள்ளிரவு வரை கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிற இந்தப் பழக்கத்திலிருந்து விடுதலை தாரும், அதிகாலையில் எழுந்து கணிதம் படிக்கிற மனதைத் தாரும், தகப்பன் படும் கஷ்டத்தை உணர்த்தும்” என்று நான் உருக்கமாக மன்றாடிக்கொண்டிருந்த ஓர் இரவில், மண்டியிட்டபடியே அவன் கேட்டான்: “அப்பா, நீங்க ஆண்டவர்கிட்ட பேசுறீங்களா, என்கிட்ட பேசுறீங்களா?” எனக்குக் கோபம் வந்தது. ஜெபத்தின் நடுவே பேசுவது மரியாதையில்லை என்று அதட்டிவிட்டு ஆமென் சொல்லி முடித்தேன். படுத்த பிறகு வெகுநேரம் தூக்கம் வரவில்லை. அவனோடு நேருக்கு நேர் பேசும் துணிவு இல்லாமல், அவன் பதில் சொல்ல முடியாத ஒரே இடத்தைத் தேடிப் பிடித்திருக்கிறேன். அந்த இடம் தேவ சந்நிதி.

விடியற்காலையில் வாட்ஸ்அப்பில் வசனம் அனுப்பும் வழக்கத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. வசனத்தை அனுப்பிவிட்டு, அந்த அதிகாரத்தைத் திறந்துகூடப் பார்க்காமல், யாரெல்லாம் பார்த்துவிட்டார்கள் என்று நீலக் குறிகளை எண்ணிக்கொண்டிருந்த காலைகள் எனக்கு இருந்தன என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஆனால் சபைக் கணக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஆறு ஆண்டுகள் எங்கள் சபையின் பொருளாளராக இருந்தேன். சபையார் கூடி உண்ணும் அசனப் பண்டிகைக்கு வாங்கிய அரிசியிலிருந்து ஆலயத்து மின்கட்டணம் வரை ஒவ்வொரு ரசீதும் இருந்தது. ஒரு ரூபாய் குறைந்ததில்லை. பணத்தில் தவறக் கூடாது என்று அத்தனை கவனமாக இருந்த எனக்கு, அந்தக் கவனத்தின் அடியிலேயே வேறொன்று ஊறிக்கொண்டிருந்தது தெரியவில்லை. கூட்டங்களில் யாராவது ஒரு செலவைப் பற்றிக் கேட்டால் ரசீதை மேசையில் வைக்கும் விதத்திலேயே கேட்டவரை அவமானப்படுத்தக் கற்றுக்கொண்டேன். திருமண்டலத் தேர்தல் காலத்தில் இரண்டு அணியினரும் என்னைத் தேடி வந்தபோது, நான் எந்த அணியிலும் இல்லாதவன் என்று சொல்லிக்கொள்வதில் ஒரு தனிச் சுவை கண்டேன். என் நேர்மையை நான் பிறரை அளக்கும் கோலாக வைத்திருந்தேன். அதில் என்னைவிட உயரமாக ஒருவரும் தேறவில்லை.

எகிப்தின் பாலைவனத்தில் வாழ்ந்து 399-இல் மறைந்த எவாக்ரியுஸ் என்ற துறவி, மனிதனைத் தாக்கும் தீய எண்ணங்களை எட்டாக வகுத்தார்: பெருந்தீனி, காமம், பொருளாசை, துயரம், கோபம், சோர்வு, வீண்பெருமை, அகந்தை. கான்ஸ்டான்டிநோப்பிளில் சொல்வன்மை மிக்க உதவிக்குருவாகப் புகழோடு இருந்தவர். தாம் வழுவிவிடக்கூடும் என்று கண்டு, எல்லாவற்றையும் விட்டு ஓடிவந்தவர். எனவே ஏட்டில் படித்ததை மட்டும் அவர் எழுதவில்லை. எட்டில் வீண்பெருமையைப் பற்றி அவர் சொல்வது விசித்திரமானது: மற்ற எண்ணங்களை வென்றவனிடம்தான் அது வந்து ஒட்டிக்கொள்ளும், அதை அழிக்க நீ எதைச் செய்தாலும் அந்தச் செயலே அடுத்த வீண்பெருமைக்கு விதையாகும். அவருடைய போதனையை மேற்குத் திருச்சபைக்குக் கொண்டுசேர்த்த யோவான் காசியன் இதையே வெங்காயத்துக்கு ஒப்பிட்டார்: ஒரு தோலை உரித்தால் உள்ளே இன்னொரு தோல். பட்டினி கிடப்பவனைப் பெருந்தீனி பிடிக்காது; தான் பட்டினி கிடப்பதை நாலு பேர் அறிய வேண்டும் என்ற ஆசை பிடிக்கும். சரியான கணக்கு எழுதுபவனைப் பொருளாசை பிடிக்காது. அவனை எது பிடிக்கும் என்பதை மேலே சொல்லிவிட்டேன்.

வள்ளுவர் பொச்சாவாமை என்று ஓர் அதிகாரமே வைத்து, அளவுகடந்த சினத்தைக் காட்டிலும் பெருமகிழ்ச்சியில் வரும் மறதி தீது என்று அதன் முதற்குறளில் சொல்கிறார். தாவீதின் வாழ்க்கைக்கே உரை எழுதியதுபோல இருக்கிறது இது. சவுல் அரசன் துரத்தியபோது குகைகளில் ஒளிந்து திரிந்த தாவீது விழிப்பாகத்தான் இருந்தான். கைக்கெட்டும் தூரத்தில் சவுல் இருந்தும் சால்வையின் தொங்கலை மட்டும் அறுத்துக்கொண்டு, அதற்கே மனம் அடித்துக்கொண்டவன் அவன். அரசும் வெற்றியும் அரமனையும் வந்து, ராஜாக்கள் யுத்தத்துக்குப் புறப்படும் காலத்தில் யோவாபை அனுப்பிவிட்டுத் தான் எருசலேமில் தங்கிய ஒரு சாயங்காலத்தில்தான், படுக்கையிலிருந்து எழுந்து உப்பரிகையில் உலாவினான். அந்த உலாவல் குற்றமில்லை. படைத்தலைவனைப் போருக்கு அனுப்புவதும் குற்றமில்லை. குற்றமில்லாத படிகள் இரண்டைக் கடந்து மூன்றாவது படியில் கால் வைக்கும்போது அவன், தன் படைவீரன் உரியாவின் மனைவியை இச்சித்து, உரியாவின் வீட்டு வாசலில் நிற்கிறான்.

குற்றமில்லாத படிகளை எப்படிக் கண்காணிப்பது? இதற்கு விடை எனக்கு எதிர்பாராத இடத்திலிருந்து கிடைத்தது. எங்கள் பக்கத்தில் மணப்பாட்டுக் கடற்கரையில் பிரான்சிஸ் சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகை ஒன்று உண்டு. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்தவர் அவர். புராட்டஸ்டண்டுப் பிள்ளைகளாகிய நாங்கள் அங்கே போவது கடலைப் பார்ப்பதற்குத்தான். பின்னாளில் சவேரியாரின் தோழரும் வழிகாட்டியுமான இஞ்ஞாசியார், நல்ல எண்ணங்களின் வேடத்தில் வரும் சோதனையைப் பற்றி எழுதிவைத்த விதிகளைப் படிக்க நேர்ந்தது. “சாத்தானும் ஒளியின் தூதனுடைய வேஷத்தைத் தரித்துக்கொள்வானே” என்று பவுல் சொன்னதை அவர் நடைமுறைக்குக் கொண்டுவருகிறார். பக்தியுள்ள ஆத்துமாவை ஏமாற்ற வருபவன், அந்த ஆத்துமாவுக்குப் பிடித்த வாசல் வழியாக உள்ளே நுழைந்து, தனக்குப் பிடித்த வாசல் வழியாக அதை வெளியே கூட்டிப்போவான். ஆகையால் ஒரு நினைவின் தொடக்கத்தை மட்டும் பார்க்காமல் நடுவையும் முடிவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்கிறார். முடிவில், தொடங்கியதைவிடக் குறைந்த ஒன்றிலோ மனத்தின் அமைதியைக் குலைக்கும் ஒன்றிலோ வந்து நின்றால், பாம்பின் வால் தெரிந்துவிட்டது. வாலைக் கண்டபின் வந்த வழியே திரும்பி நடந்து, எந்த இடத்தில் அது வளைந்தது என்று பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்த முறைக்கு அது உதவும்.

அந்த அம்மாவின் காரியத்தை இப்படித் திரும்பி நடந்து பார்த்தேன். அவர் அழுதபோது என் மனம் இளகியது உண்மையானது. வெள்ளிக்கிழமைக்குள் அந்த இளக்கம் இருந்த இடத்தில், எனக்கு மட்டும் தெரிந்த ஒரு செய்தி உட்கார்ந்திருந்தது. கூட்டத்தில் நான் வாயைத் திறந்தபோது அறையில் உண்டான அமைதியும், எல்லோருடைய முகங்களும் என் பக்கம் திரும்பியதும் எனக்குப் பிடித்திருந்தன. “காரணம் தெரிஞ்சா நல்லது” என்று ஒருவர் கேட்டபோது ஒரு கணம் தயங்கினேன். வளைவு அந்தத் தயக்கத்தில்தான் இருந்தது. ஆவியானவர் அங்கே என்னைத் தொட்டார் என்று நம்புகிறேன்; தொட்டதை நான் கொசுவைத் தட்டுவதுபோலத் தட்டிவிட்டேன்.

இதுவரை சொன்னதைப் படித்துவிட்டு யாராவது தம்மைத் தாமே இரவும் பகலும் துருவத் தொடங்கினால், அதுவும் ஓர் ஆபத்து என்பதைச் சொல்லாமல் விட முடியாது. சுண்ணாம்பு அதிகமானாலும் பதநீர் கெட்டுத்தான் போகும். நாக்கு பொத்துப்போகும், தெளியவைத்து வடிகட்டினாலும் காரல் நீங்காது. எனக்குத் தெரிந்த ஓர் இளைஞர், பஸ்ஸில் முன் இருக்கையைப் பார்த்தது பாவமா, சிரித்தது பாவமா, ஜெபத்தில் கவனம் சிதறியது மன்னிக்கப்பட்டதா என்று தம்மையே விசாரித்து விசாரித்து, கடைசியில் திருவிருந்துக்கு வருவதையே நிறுத்திவிட்டார். அவரை மீட்டெடுக்கப் போதகரும் மனநல மருத்துவரும் சேர்ந்து பாடுபட வேண்டியிருந்தது. விழித்திருங்கள் என்று பேதுரு சொல்வதற்கு முந்தின வசனம், அவர் உங்களை விசாரிக்கிறவர் என்றும் கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள் என்றும் சொல்கிறது. கவலையை இறக்கிவைத்தவனுக்குச் சொல்லப்பட்ட விழிப்பு அது. “தேவனே, என்னை ஆராய்ந்து” என்றுதான் சங்கீதக்காரனும் ஜெபிக்கிறான். ஆராய்கிற வேலையை அவன் தன் கையில் எடுத்துக்கொள்ளவில்லை. மறைவான குற்றங்கள் எனக்கு மறைவாக இருப்பதால்தானே அவற்றுக்கு அந்தப் பெயர்! என் கண்ணாலேயே அவற்றையெல்லாம் கண்டுபிடித்துவிட முடியும் என்று நினைப்பது வேறொரு வகை அகந்தை.

ஆகவே நான் இப்போது செய்வது மிகக் கொஞ்சம். இரவில் படுக்குமுன் பத்து நிமிடம் உட்கார்ந்து, அன்றைக்குச் செய்த தவறுகளைத் தேடாமல், அன்றைக்குச் செய்த நல்ல காரியம் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். எதற்காக என்னை நானே மெச்சிக்கொண்டேனோ அதை எடுப்பது வழக்கம். அது எங்கே தொடங்கியது, எங்கே போய் முடிந்தது என்று ஆண்டவரிடம் கேட்கிறேன். சில நாள்களில் அது நல்லதாகவே தொடங்கி நல்லதாகவே முடிந்திருக்கிறது. நன்றி சொல்லிவிட்டுத் தூங்கிவிடுகிறேன். பொருளாளர் பொறுப்பிலிருந்து விலகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. குடும்ப ஜெபத்தை இப்போது சுழற்சி முறையில் நடத்துகிறோம். மகனுடைய முறை வரும்போது அவன் ஜெபம் நான்கு வரிகளில் முடிந்துவிடும். அந்த நான்கு வரிகளில் ஒன்று பெரும்பாலும் எனக்காக இருக்கிறது; என்னைத் திருத்தும்படி அவன் கேட்பதில்லை, என் முதுகுவலிக்காகக் கேட்கிறான். இவை தவிர, என்னிடம் கூசாமல் பேசும் உரிமையை என் மனைவிக்கும், கல்லூரிக் காலத்து நண்பர் ஒருவருக்கும் கொடுத்திருக்கிறேன். மனைவி அந்த உரிமையை நான் கொடுப்பதற்கு முன்பே எடுத்துக்கொண்டிருந்தாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

போன வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்துக்குப் போயிருந்தேன். இப்போது வேறொருவர் நடத்துகிறார். நான் பின்வரிசையில் உட்காருகிறேன். குறிப்புகள் சொல்லும் நேரத்தில் ஒருவர் குரலைத் தாழ்த்தி, “இது நமக்குள்ளேயே இருக்கட்டும், நம்ம சபையில ஒரு வாலிபன்…” என்று ஆரம்பித்தார். எல்லோரும் சற்று முன்னால் சாய்ந்தார்கள். நான், “அண்ணாச்சி, விவரம் ஆண்டவருக்குத் தெரியும், நாம முதல்ல ஜெபிச்சிருவோம்” என்றேன். அவர் முகம் சுருங்கிப்போனாலும் ஒன்றும் சொல்லவில்லை. ஜெபித்தோம்.

திரும்பி நடந்து வரும்போது தெருவிளக்குகள் எரியவில்லை. ஆனாலும் என் நடையில் ஒரு துள்ளல் இருந்ததை நானே உணர்ந்தேன். வீட்டு வாசலைத் தொடுவதற்குள், நான் சொன்ன அந்த வாக்கியத்தை மனதுக்குள் மூன்று முறை திருப்பிச் சொல்லிப் பார்த்திருந்தேன். மூன்றாவது முறை அது முதலில் சொன்னதைவிட அழகாக அமைந்திருந்தது. அந்த அண்ணாச்சியின் சுருங்கிப்போன முகம் ஒருமுறைகூட நினைவுக்கு வரவில்லை.

மனைவி தோசைக்கல்லை அடுப்பில் போட்டபடி, கூட்டம் எப்படி இருந்தது என்று கேட்டாள். நடந்ததைச் சொல்ல வாயெடுத்தேன். பிறகு, நடந்ததைச் சொல்லாமல், அதைச் சொல்வதற்கு நான் எவ்வளவு ஆசைப்படுகிறேன் என்பதைச் சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டே, முதலில் கையைக் கழுவிவிட்டு வந்து உட்காரச் சொன்னாள். சாப்பிட்டு முடித்த பிறகு அந்த அண்ணாச்சிக்குத் தொலைபேசியில் பேசினேன். அவர் எடுக்கவில்லை. காலையில் அவர் பால் வாங்க வரும் நேரம் எனக்குத் தெரியும்.